ஊர் ஆவணம் ஊர் கையில்

காரைக்காலின் கிளிஞ்சல்மேடு போன்ற ஒரு கடலோர ஊரின் சின்ன அலுவலகத்துக்குப் பொது சர்வர் எதற்கு? அதை எப்படி அமைப்பது?

இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டது என்று கடலிலிருந்து செய்தி வந்த நிமிடமே கரையில் காகிதத் தேடல் தொடங்கிவிடுகிறது. படகின் பதிவுச் சான்று எங்கே? இன்ஜின் எண் என்ன? யார் யார் ஏறிப் போனார்கள்? அவர்களுடைய மீனவர் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, ரத்த வகை? மீன்வளத் துறை கேட்கும், காவல் நிலையம் கேட்கும், வழக்கறிஞர் கேட்பார், நிருபர் கேட்பார். எல்லோரும் கேட்பது ஒரே விவரத்தை. ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றில் இருந்த 13 மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் காயமடைந்தார்கள், அவர்களில் இருவருக்குப் பலத்த காயம். தில்லியில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இலங்கைத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. இதுபோன்ற நாட்களில் ஒரு குடும்பத்துக்கு முதலில் வேண்டியது தகவல், அடுத்து வேண்டியது ஆவணம். இரண்டும் உடனே கிடைத்தால்தான் மனு எழுத முடியும், உதவி கேட்க முடியும்.

ஆனால் நம் கரையில் ஆவணங்கள் எங்கே கிடக்கின்றன? ஓனர் வீட்டுப் பீரோவில் ஒன்று, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் மங்கிய படமாக ஒன்று, வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்ட தம்பியின் லேப்டாப்பில் ஒன்று. சங்க அலுவலகத்தில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் ஒரே பட்டியல் மூன்று விதமாக இருக்கும். எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வு, அலுவலகத்துக்குள் எல்லோருக்கும் பொதுவான ஒரே ஓர் இடம். கணினித் துறையில் அதன் பெயர் ஃபைல் சர்வர். அதை வைக்கப் பெரிய பணமோ பொறியியல் பட்டமோ தேவையில்லை. தேவைப்படுவது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், சாவி யாரிடம், நகல் எங்கே என்ற நான்கு கேள்விகளுக்கும் அலுவலகம் கூடிப் பேசி எடுக்கும் முடிவு. இதைச் செய்து காட்டிய முன்னோடிகள் தொலைவில் இல்லை, நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலேயே இருக்கிறார்கள்.

வில்லியனூர் காட்டிய வழி

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதி உதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்கள் அதனோடு இணைந்த கிளைகள். கிராமத்தில் தொலைபேசியே நிச்சயமில்லாத காலம் அது. அதனால் வி.எச்.எஃப். ரேடியோ வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். மின்சாரம் நிற்கும் என்பதால் சூரியத் தகடும் பேட்டரியும் வைத்தார்கள்.

நடுமையத்தில் சேர்ந்த தகவல் ஊர் ஊராகப் போனது. நெல் விலை, இடுபொருள் விலை, பஸ் நேரம், மருத்துவமனை விவரம், அரசு நலத்திட்டங்களுக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியல் எல்லாம் தமிழில் தொகுக்கப்பட்டன. மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒலிபரப்பினார்கள். கடலுக்குப் போகிறவர் கம்ப்யூட்டரைத் தொடத் தேவையே இல்லை. தகவல் அவரைத் தேடி வந்தது.

இந்தத் திட்டத்தின் கருவிகளை இன்று யாரும் பயன்படுத்தப் போவதில்லை. அதன் நிபந்தனைகள்தாம் இன்றும் பொருந்துகின்றன. இடத்தை ஊரே தர வேண்டும். நடத்துகிற தன்னார்வலர்களை ஊரே தர வேண்டும். சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இயங்கியது, பெண்கள் நடத்தினார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்குவதற்கு முன்பே, அது யாருக்குச் சொந்தம் என்ற பேச்சை முடித்துவிட்டார்கள். சின்ன அலுவலகம் ஒன்று சர்வர் வாங்கும் முன் முடிக்க வேண்டிய பேச்சும் இதுதான்.

நல்லவாட்டில் உடைந்த பூட்டு

இந்த வலையமைப்பில் இருந்த இன்னொரு மீனவ ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் அறிவு மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே போய், அலை உயரம் சொல்வதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டுப் பகுதிக்கு ஓடித் தப்பினார்கள்.

அதே காலையில் காரைக்கால் கரையின் மீனவ ஊர்களுக்கு அப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று ஊர் ஊராக உயிர்களைப் பறிகொடுத்தார்கள். சுற்றியிருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நல்லவாட்டில் தினசரி வேலைக்காக வைத்த கருவி, ஆபத்து நாளில் உயிர் காத்தது. தினமும் பயன்பாட்டில் இருந்ததால் அது வேலை செய்யும் நிலையில் இருந்தது, எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அதே நேரம், அவசரத்தில் பூட்டை உடைக்க வேண்டியிருந்ததையும் மறக்கக் கூடாது. மரக்கதவின் பூட்டை உடைத்துவிடலாம். நன்றாகப் பூட்டிய சர்வரின் கடவுச்சொல் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் ஊரில் இல்லாமல் போனால் உடைக்க வழியே இல்லை.

நாகையும் கொழும்பும்

அலை வடிந்த பிறகு வேறொரு குழப்பம் வந்தது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் நாகப்பட்டினத்தில் இறங்கின. ஒரே ஊருக்கு ஐந்து லாரி அரிசி வந்தது, பக்கத்து ஊருக்குக் குடிநீரே வரவில்லை. அந்தச் சூழலில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையின் சினேகா அமைப்பும் முன்னின்று ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கின. எந்த ஊரில் எத்தனை குடும்பம், என்ன தேவை, யார் என்ன தருகிறார்கள் என்பதை ஒரே இடத்தில் தொகுத்தார்கள். தற்காலிகமாகத் தொடங்கிய அந்த மையம் பின்னாளில் கரையோர மக்களின் பேரிடர்த் தாங்குதிறனுக்காக இயங்கும் பெட்ராக் என்ற அமைப்பாக வளர்ந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில், லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சில நாட்களுக்குள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர் பட்டியல், முகாம்களின் பட்டியல், உதவி கேட்போர், உதவி தருவோர் எல்லாம் ஒரே தொகுப்பில் வந்தன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதன் மூல நிரலைத் திறந்து வைத்தார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006 யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் அது உதவப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது சஹானாவுக்குக் கிடைத்தது.

இரண்டு இடத்திலும் பட்டியலைப் பேரிடருக்குப் பிறகு அவசரமாக உருவாக்க வேண்டியிருந்தது. அமைதியான நாளிலேயே அது ஊரிடம் தயாராக இருந்தால் எத்தனையோ நாள் மிச்சமாகும்.

எவ்வளவு பெரிய மெஷின்?

இனி நடைமுறை. ஐந்தாறு பேர் வேலை செய்யும் மீனவர் கூட்டுறவுச் சங்கம், படகு உரிமையாளர் சங்கம், ஆடிட்டர் அலுவலகம், பள்ளி அலுவலகம், எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். ஸ்கேன் செய்த ஒரு பக்க ஆவணம் சுமார் அரை எம்.பி. வரும். ஆயிரம் உறுப்பினர், ஆளுக்குப் பத்து ஆவணம் என்றால் பத்தாயிரம் கோப்பு, மொத்தம் 5 ஜி.பி. படகுகளின் புகைப்படம், கணக்குப் பதிவேடு, கூட்டத் தீர்மானங்கள், பத்து வருட வளர்ச்சி எல்லாம் சேர்த்தாலும் 1 டி.பி. போதும், 2 டி.பி. தாராளம். கடைக்காரர் காட்டும் பெரிய ரேக் சர்வருக்கு இங்கே வேலை இல்லை.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாஸ் என்று விற்கும் தயார்ப் பெட்டி. இரண்டு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, நெட்வொர்க் கேபிளை மாட்டி, பிரவுசரில் அமைத்துவிடலாம். மற்றொன்று, ஒரு சாதாரணச் சின்ன டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸும் சாம்பாவும் நிறுவுவது. கட்டளைகளை எழுத அஞ்சுபவர்களுக்கு ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்றவை திரையில் படிவம் போல அமைப்பைக் காட்டுகின்றன. இந்த மென்பொருள்கள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்.

சாம்பாவின் வரலாறே ஒரு மாணவரின் சின்னத் தேவையிலிருந்து பிறந்ததுதான். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், தன் டாஸ் கம்ப்யூட்டரிலிருந்து பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் இயந்திரத்தில் உள்ள கோப்புகளைத் திறக்க விரும்பினார். அதற்காக 1991–92இல் எழுதிய நிரல்தான் வளர்ந்து சாம்பா ஆனது. இன்று விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘நெட்வொர்க் டிரைவ்’ என்று தெரியும் பொது இடத்தை ஒரு லினக்ஸ் இயந்திரம் தர முடிவது அதனால்தான். தமிழ்நாட்டுக்கும் லினக்ஸ் புதிதல்ல. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்தையே லினக்சுக்கு மாற்றியது.

சர்வருக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். இதை ரெய்டு 1 என்பார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறைகளை வகைப்படுத்தி எண் கொடுத்தது. டிஸ்க் என்பது தேயும் பொருள். ஆயிரக்கணக்கில் வைத்து இயக்குகிற பெரிய நிறுவனங்களிலேயே ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு பழுதாகின்றன. ரெய்டு 1 இருந்தால் ஒன்று போனாலும் அலுவலகம் நிற்காது. புதியதை மாட்டிச் சேர்த்தால் மற்றதிலிருந்து நிரப்பிக்கொள்ளும்.

உப்பும் மின்சாரமும் மழையும்

சென்னை அலுவலகத்துக்கு எழுதிய வழிகாட்டி காரைக்கால் கரைக்கு அப்படியே பொருந்தாது. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் ஈரத்தோடு சேர்ந்து செம்பு இணைப்புகளைப் பச்சையாக்கும், ரேம் பட்டையின் முனைகளையும் கேபிள் முனைகளையும் அரிக்கும். ஜன்னலோரம், கடலைப் பார்த்த சுவர், ஈரம் ஊறும் தரை மூன்றும் சர்வருக்கு ஆகாது. உள்ளறையில், இடுப்புக்கு மேல் உயரத்தில், காற்று நுழைய வலைவைத்த அலமாரி போதும். மாடி இருந்தால் மாடியே நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசியும் உப்பும் தட்டி, கேபிள் முனைகளைக் கழற்றிப் பார்த்து மாட்ட வேண்டும். இயந்திரத்தை எப்போதும் ஓடவிடுவதும் உதவும். மெல்லிய சூடு இருக்கும் இடத்தில் ஈரம் தங்காது.

மின்சாரத்துக்குக் கணக்குப் போடுவோம். சின்ன சர்வரும் ரௌட்டரும் சேர்ந்து 30 வாட் எடுக்கும். மாதத்துக்கு 20 யூனிட்டைச் சற்றே தாண்டும். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். இந்தச் சுமையை அரை மணி நேரம் தாங்கும். வீடுகளில் இருக்கும் 150 ஏ.எச். பேட்டரி இன்வெர்ட்டரில் இணைத்தால், பாதித் திறனை மட்டும் நம்பினாலும் ஒரு நாளைத் தாண்டும். யு.பி.எஸ்.ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யு.எஸ்.பி. கேபிள் போக வேண்டும். பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஒழுங்காக அணைவதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று மின்சாரம் போனால் கோப்பு கெடலாம். கூடவே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு அது அவசியம்.

எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் செல்போன் சிக்னல் இல்லை. நிவாரணக் கணக்கெடுப்புக்கு அதிகாரி வந்து நிற்கும் அந்த நாளில்தான் பட்டியல் தேவைப்படும். இணையம் செத்துக் கிடந்தாலும், இன்வெர்ட்டரும் சர்வரும் பிரிண்டரும் அலுவலகத்தில் இருந்தால் வேலை நடக்கும். இணையக் கிடங்கைக் கூடுதல் நகலுக்குப் பயன்படுத்துங்கள். ஒரே இடமாக அதை நம்பாதீர்கள். அப்படிப் பயன்படுத்தும்போதும் கணக்கு அலுவலகத்தின் பெயரில் இருக்கட்டும், ஒரு பையனின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம்.

யார் பார்க்கலாம், யார் திருத்தலாம்?

சர்வரில் கோப்புறைகள் குறைவாக இருக்கட்டும். படகுகள், உறுப்பினர்கள், கணக்கு, கடிதப் போக்குவரத்து, பொது என்ற ஐந்து போதும். ஒவ்வொரு பணியாளருக்கும் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் யார் திருத்தினார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. கணக்கைக் கணக்காளரும் செயலாளரும் திருத்தலாம், நிர்வாகக் குழு பார்க்கலாம். உறுப்பினர் ஆவணத்தைப் பொறுப்பாளர் மட்டும் சேர்க்கலாம், மற்றவர் படிக்கலாம். பொதுக் கோப்புறையை எல்லோரும் பயன்படுத்தலாம்.

சர்வர் அமைப்பதில் மிக முக்கியமான கட்டம் இதுதான் என்பேன். பட்டியலில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. கரையோர ஊர்களில் குடும்பங்களை எண்ணும் தலைக்கட்டுக் கணக்கு நெடுநாளாக இருக்கிறது. வரி வசூலும் திருவிழாச் செலவும் நிவாரணப் பங்கீடும் அதை வைத்தே நடந்துவருகின்றன. அந்தக் கணக்கில் விதவைகளும் தனித்து வாழும் பெண்களும் அரைப் பங்காகவோ, கணக்கிலேயே இல்லாமலோ விடுபட்ட குறையைச் சுனாமி நிவாரணம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மீன் விற்கும் பெண்கள், கருவாடு போடும் பெண்கள் தங்கள் உழைப்பால் குடும்பம் நடத்துகிறவர்கள். பழைய பட்டியலை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் பழைய அநீதியும் ஏறிவிடும். புதிய சர்வர் வைக்கும் சந்தர்ப்பத்தில் ஒவ்வொரு வீட்டின் பெண்ணையும் கேட்டுப் பட்டியலைச் சரிபார்ப்பது ஊருக்குப் பெரிய நன்மை.

ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவச் சான்று போன்றவை தனிமனிதருக்குச் சொந்தமானவை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மற்றவரின் தகவலை வைத்திருப்பவருக்குக் கடமைகளை விதிக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்குங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமான இடத்தில் முழு எண்ணைக் கேட்காதீர்கள். வேலை முடிந்தால் அழித்துவிடுங்கள். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து வைத்தால், பெட்டியே திருடு போனாலும் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

பெயரிலும் எழுத்துருவிலும் ஒழுங்கு

ஒரே ஊரில் பத்து செல்வம், எட்டு முருகன் இருப்பார்கள். கோப்புக்கு ‘செல்வம் அண்ணன் படகு புதுசு’ என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் தொலைந்துபோகும். படகுப் பதிவு எண் முதலில், ஆவணத்தின் வகை அடுத்து, ஆண்டு–மாதம்–நாள் கடைசியில் என்று ஒரே வரிசையை முடிவுசெய்து சுவரில் ஒட்டுங்கள். தேதியில் ஆண்டு முன்னால் வந்தால் ஒரு படகின் ஒரே வகைக் கோப்புகள் தாமாகக் கால வரிசையில் நிற்கும்.

இன்னொரு சிக்கல் பழைய எழுத்துருக்கள். பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்த கடிதங்களை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சர்வரில் தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தன் தர நிர்ணயமாக ஏற்றது. போனில் நாம் தினமும் தட்டுவதும் யூனிகோடுதான். பழைய கோப்புகளை மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுச் சர்வருக்குள் போகும் ஒவ்வொரு தமிழ்க் கோப்பும் யூனிகோடில் இருக்க வேண்டும் என்பது முதல் நாள் விதியாக இருக்கட்டும்.

நகல் இல்லாத சர்வர் ஆபத்து

ரெய்டு இருக்கிறதே, நகல் எதற்கு என்று நினைப்பது பலரும் விழும் குழி. ரெய்டு காப்பது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும். ஒருவர் தவறிப்போய் ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அது அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. அது நுழைந்த வழி, கோப்புப் பகிர்வுக்காக விண்டோஸ் வைத்திருந்த பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பின் ஓட்டை. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே தந்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே மே மாதம் சாம்பாவிலும் ஓர் ஓட்டை வெளிப்பட்டு அடைக்கப்பட்டது. எந்த மென்பொருளும் தப்பவில்லை, ஆகவே வாரம் ஒருமுறை அப்டேட் கட்டாயம். பழைய எஸ்.எம்.பி. பதிப்பை அணைத்து வையுங்கள். சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியூரிலிருந்து அணுக வேண்டுமென்றால் வி.பி.என். வழியாக மட்டும்.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பணயத் தீநிரல் தாக்குதலில்தான் முடங்கின. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை சுமார் இரண்டு வாரம் பேப்பரிலும் பேனாவிலும் வேலை பார்த்தது. நகல்களிலிருந்து தரவை மீட்டதால்தான் எழுந்தது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய விதி ஒன்று உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், அவற்றில் ஒன்று வெளியிடத்தில். நம் ஊருக்கு இப்படிச் செய்யலாம். முதல் நகல் சர்வர். இரண்டாவது, தினமும் இரவில் தானே நகலெடுக்கும் தனிச் சாதனம். மூன்றாவது, வாரம் ஒருமுறை மாட்டி நகலெடுத்துக் கழற்றிவிடும் குறியாக்கம் செய்த வெளி டிஸ்க். கேபிளில் மாட்டியிராத டிஸ்க்கைத் தீநிரல் தொட முடியாது.

வெளியிடம் என்பது அடுத்த தெருவோ பக்கத்து மீனவ ஊரோ அல்ல. 2004இல் ஒரே அலைதான் அத்தனை ஊர்களையும் அடித்தது. கரையை விட்டு உள்ளே, திருநள்ளாற்றிலோ கும்பகோணத்திலோ நம்பிக்கையான ஒருவரிடம் அந்த டிஸ்க் இருக்கட்டும். மாதத்துக்கு ஒருநாள் அதை எடுத்து ஏதாவது நான்கு கோப்பைத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது.

சாவியை ஒருவரிடம் விடாதீர்கள்

சின்ன அலுவலகத்தின் சர்வர் சாவது பெரும்பாலும் இயந்திரப் பழுதால் அல்ல. அமைத்துக் கொடுத்த இளைஞருக்குச் சென்னையில் வேலை கிடைக்கும், அல்லது நிர்வாகம் மாறும்போது மனத்தாங்கல் வரும். கடவுச்சொல் அவரோடு போய்விடும். ஆறு மாதம் யாரும் தொட மாட்டார்கள், பிறகு எல்லோரும் பென்டிரைவுக்குத் திரும்புவார்கள்.

இதைத் தடுக்க ஒரு சின்ன நடைமுறை போதும். நிர்வாகிக் கடவுச்சொல்லும் குறியாக்கச் சாவியும் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, இரண்டு பேர் கையெழுத்தோடு மூடி, தலைவரிடம் ஒன்றும் வெளியிடத்தில் ஒன்றும் இருக்கட்டும். பிரித்தால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். நிர்வாகம் மாறும் நாளில் ரொக்கக் கையிருப்பை ஒப்படைப்பது போலவே இதையும் ஒப்படைத்து, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எந்த நேரமும் குறைந்தது இரண்டு பேருக்குச் சர்வரை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரையில் இல்லாமல் போகலாம். அமைப்பு விவரம் முழுவதும், எந்த கேபிள் எங்கே என்பது வரை, நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும்.

மீனவ ஊர்களுக்கு இது கடினமே அல்ல. ஊர்ப் பணத்தைக் கூட்டத்தில் கணக்குச் சொல்லி, அடுத்த பஞ்சாயத்தாரிடம் ஒப்படைக்கும் பழக்கம் உள்ள சமூகம் இது. ஆவணமும் ஊர்ச்சொத்துதான் என்று ஒத்துக்கொண்டால் மீதி தானே நடக்கும்.

61 நாள் வாய்ப்பு

காரைக்கால் மாவட்டம் ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு சான்று குறைந்தால் ஒரு நாள் பிழைப்பும் பஸ் செலவும் போகும். பக்கத்திலேயே காரைக்காலில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல திட்டப்பணி கிடைக்காது. ஒரு நிபந்தனை மட்டும்: அமைத்துவிட்டுப் போகாமல் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

தொடங்க உகந்த காலமும் ஆண்டுதோறும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், படகு ஆய்வுக்காக ஆவணங்கள் எப்படியும் பீரோவை விட்டு வெளியே வரும். முதல் வாரம் ஊர் கூடி நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதட்டும். இரண்டாம் வாரம் இயந்திரம் வாங்கி மாட்டலாம். அடுத்த ஐந்து வாரம் வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்த்து ஸ்கேன் செய்யலாம். எட்டாம் வாரம் ஒருநாள் மெயின் சுவிட்சை அணைத்து, இணையத்தையும் துண்டித்துவிட்டு, ஏதாவது ஒரு படகின் எண்ணைச் சொல்லி, பத்து நிமிடத்துக்குள் அதன் முழு ஆவணத்தையும் ஆட்கள் பட்டியலையும் அச்சிட முடிகிறதா என்று ஊர் முன்னால் சோதிக்கலாம். முடியவில்லை என்றால் தடைக்காலம் முடிவதற்குள் குறையைச் சரிசெய்துவிட்டுப் படகுகளைக் கடலுக்கு அனுப்புங்கள்.